வியன்னாவில் ஒரு நாள்: ஓபராவை நின்றபடி பாருங்கள்

வியன்னாவுக்குப் போனால் ஒரு மாலையை ஸ்டேட் ஓபராவுக்கு ஒதுக்கிவிடுங்கள். 1869-இல் திறந்த இசை நாடக அரங்கம். 1945 குண்டுவீச்சில் சிதைந்து, 1955-இல் பீத்தோவனின் ஃபிடேலியோ என்ற இசை நாடகத்துடன் மீண்டும் திறந்தது. நல்ல இருக்கைக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகலாம். ஆனால் நின்று பார்ப்பவர்களுக்கென்றே தனி இடங்கள் உண்டு, விலை மிகவும் குறைவு. இந்த டிக்கெட்டை நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள். கிடைத்தால் பார்ட்டெர் எனப்படும் கீழ்த்தளத்தையே கேளுங்கள். மேடை நேர் எதிரே தெரியும். முன்பெல்லாம் உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டைக் கட்டி இடம் பிடிப்பது வழக்கம். அங்கே எல்லோரும் அதை மதித்தார்கள். பாடல் வரிகளை மொழிபெயர்த்துக் காட்டும் சின்னத் திரையும் உண்டு, மொழி புரியாதே என்ற கவலை வேண்டாம்.

மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அதனால் பகலில் கால்களை மிச்சம் பிடியுங்கள். கெர்ன்ட்னர் வீதி வழியே நடந்து புனித ஸ்டீபன் பேராலயம், அப்புறம் ஹோஃப்பர்க் அரண்மனை, அது போதும். பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஓபராவுக்கு விடுமுறை, தேதியைப் பார்த்துப் போங்கள்.