பாக்கெட் வரிசையை உங்கள் பெட்டிக்குள் இழுத்து வாருங்கள்

எங்கள் வீட்டில் ரவுட்டர் என்பது டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மினி பிசி. நான் கல்யாண ஆல்பத்தை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், அடுத்த அறையில் மகளின் வீடியோ கால் திக்கித் திணறும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் வேகம் சரியாகவே காட்டும். கோளாறு வரிசையில்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், பாக்கெட் எனும் டேட்டா துண்டை நெட்வொர்க் கார்டிடம் கொடுக்கும் முன் கியூடிஸ்க் என்ற வரிசையில் நிறுத்துகிறது. அந்தக் காலத்து வரிசை வகையான பிஃபிஃபோ ஃபாஸ்டில் 1000 பாக்கெட் நிற்கலாம். ஒன்று 1500 பைட் என்றால் மொத்தம் 12 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது வடிய 1.2 விநாடி ஆகும். கடைசியாக வந்த குரல் பாக்கெட்டின் கதி என்ன ஆகும்?

முதலில் டெர்மினலில், இந்த வரிசைகளைக் கையாளும் டிசி கட்டளையால் 'டிசி மைனஸ் எஸ் கியூடிஸ்க் ஷோ' என்று கேட்டுப் பாருங்கள். இப்போது பெரும்பாலும் எஃப்கியூ கோடல் என்ற வகை இருக்கும். 2012-இல் கெர்னல் 3.5-இல் வந்தது. இணைப்புகளை 1024 தனி வரிசைகளாகப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்பும். ஒரு வரிசையில் காத்திருப்பு நேரம் தொடர்ந்து 100 மில்லிவிநாடி வரை 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், பாக்கெட்டைத் தூக்கி எறிய ஆரம்பிக்கும். நல்ல வேலைக்காரன்தான்.

ஆனால் அதே பட்டியலில் பேக்லாக் எண்ணை, அதாவது வரிசையில் காத்திருக்கும் அளவை, கவனியுங்கள். அப்லோட் ஓடும்போதும் அது 0 என்றால் கூட்டம் உங்களிடம் இல்லை. ரவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் கேபிள் 1 ஜிபிபிஎஸ். மோடத்துக்கு அப்பால் 20 எம்பிபிஎஸ். எல்லாம் மோடத்தில் போய்க் குவிகிறது, அங்கே எஃப்கியூ கோடல் எட்டாது.

அதனால் குறுகலை நீங்களே உண்டாக்க வேண்டும். கெர்னல் 4.19 முதல் இருக்கும் கேக் என்ற கியூடிஸ்க் இதற்கென்றே செய்தது. மாலை நெரிசலில் அப்லோடை அளந்து, அதில் 90 சதவீதம் வையுங்கள். 20 என்றால்: 'டிசி கியூடிஸ்க் ரிப்ளேஸ் டெவ் ஈத்0 ரூட் கேக் பேண்ட்வித் 18எம்பிட்'. ஈத்0 இருக்கும் இடத்தில் மோடம் பக்கத்து போர்ட்டின் பெயர் வரட்டும். எம்பிட் என்றே எழுதுங்கள்; டிசிக்கு எம்பிபிஎஸ் என்றால் மெகாபைட், எட்டு மடங்கு!

பத்து சதவீதம் வீணாகிறதே என்று மைத்துனர் அங்கலாய்த்தார். போகட்டும். தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு அப்லோட் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ரீபூட் செய்தால் இது அழிந்துவிடும். டெபியனில் நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் போஸ்ட்-அப் வரியாகச் சேர்த்துவிடுங்கள். டவுன்லோட் பக்கமும் திணறினால், வரும் பாக்கெட்டுகளை ஐஎஃப்பி என்ற போலி இன்டர்ஃபேஸுக்குத் திருப்பி அங்கே இன்னொரு கேக் வைக்கலாம்.