அற்புதத்துக்காக ஜெபிக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

"ஆண்டவரே, அற்புதம் செய்யும்" என்று பொதுப்படையாக ஜெபிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பதில் வந்தாலும், வந்தது பதில்தான் என்று தெரியாது. பர்திமேயு குருடன் என்பது பார்த்தவுடனே தெரிந்திருக்கும். இருந்தும், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். அவனும் சுற்றி வளைக்காமல் பார்வை வேண்டும் என்றான் (மாற்கு 10:51). ஆகவே விண்ணப்பத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்பது போதாது. "மாதக் கடைசிக்குள் வாடகை கட்ட வழி திறக்க வேண்டும்", "அண்ணனும் நானும் மறுபடி பேச வேண்டும்" என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும்.

இதற்கென ஒரு நோட்டு வைத்து, பக்கத்துக்கு நான்கு பத்திகள் வருமாறு கோடு போடுங்கள்: தேதி, விண்ணப்பம், பற்றிக்கொண்ட வசனம், நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், தேவைகளையும் வந்த பதில்களையும் இப்படித் தேதியோடு எழுதிவைத்தவர். மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வரவுசெலவுக் கணக்கில் அவர் எவ்வளவு கறார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

தவறு பெரும்பாலும் மூன்றாம் பத்தியில்தான் நேரும். ஒரு வசனத்தை எழுதுமுன் அதற்கு மேலும் கீழும் பத்து வசனங்களாவது படியுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 பலருக்கும் மனப்பாடம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தைய வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது; 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்கிறது. இந்த வசனத்தை வைத்து அடுத்த வாரத்துக்கே தேதி குறித்தால், வசனத்தில் இல்லாததை நாமாக ஏற்றுகிறோம்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு குறி இடலாம். தேவன் வாக்களித்ததற்கு "வா": கைவிடமாட்டார் (எபிரெயர் 13:5), கேட்டால் ஞானம் தருவார் (யாக்கோபு 1:5). நாம் கேட்பதற்கு "கே": சுகம், வேலை, வீடு. நாமாக ஊகிப்பதற்கு "ஊ": யார் மூலம், எந்தத் தேதியில், எந்த விதத்தில். மனம் உடைந்துபோகும் இடங்களை ஆராய்ந்தால் பெரும்பாலும் "ஊ" ஒன்று "வா"வாக மாறியிருக்கும்.

அடுத்தது, கையில் இருக்கும் வேலை. கடன்பட்ட விதவையின் எண்ணெயைப் பெருகச் செய்தது தேவன். பாத்திரங்களை இரவல் வாங்கியது, வார்த்தது, விற்றது, கடனை அடைத்தது எல்லாம் அவள் பங்கு (2 ராஜாக்கள் 4:1-7). கடன் தீர ஜெபிப்பவர் அசல், வட்டி, தவணைத் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதட்டும். புதுக் கடன் வாங்குவதை நிறுத்தட்டும். வேலைக்காக ஜெபிப்பவர் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே இருக்கட்டும்.

நோய் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் சொன்ன பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதை ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட்டார்கள் (2 ராஜாக்கள் 20:6-7). விசுவாசத்தைக் காட்ட இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்துவது, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி பிசாசு இயேசுவிடம் சொன்ன சோதனையின் வகையே (மத்தேயு 4:5-7). அளவைக் குறைப்பதானாலும் மருத்துவர் சொல்லட்டும். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உபவாசம் பற்றியும் அவரிடமே கேட்க வேண்டும்.

சபையின் மூப்பர்களை அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:14). அதற்குக் கட்டணம் கிடையாது. இவ்வளவு காணிக்கை விதைத்தால் இத்தனை மடங்கு அற்புதம் என்று பேசுகிறவர்களை விட்டு விலகுங்கள். குஷ்டம் நீங்கிய படைத்தலைவன் நாகமான் வற்புறுத்தியும் எலிசா தீர்க்கதரிசி எதையும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கியவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி (2 ராஜாக்கள் 5).

சந்தேகம் வந்தால் அதையும் ஜெபத்திலேயே சொல்லிவிடலாம். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனின் மகன் சுகமானான் (மாற்கு 9:24-27). அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தையும் பொறுமையாகப் படியுங்கள். அப்போஸ்தலரில் ஒருவரான யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். இன்னொரு அப்போஸ்தலரான பேதுரு சிறையிலிருந்து தப்புகிறார். பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை. ஆகவே சுகமாகாதவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் கேட்டும், அவர் மாம்சத்தில் முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்பதே பதில் (2 கொரிந்தியர் 12:8-9). அப்படிப்பட்ட பதிலையும் நான்காம் பத்தியில் தேதியோடு எழுத வேண்டும்.

கேட்டது கிடைத்தால் அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். இயேசுவால் குஷ்டம் நீங்கிச் சுகமான பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. சபையில் சாட்சி சொல்ல அவசரம் வேண்டாம். அந்தப் பத்துப் பேரையும், குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் இயேசு (லூக்கா 17:14). நோய் நீங்கியது என்றால் பரிசோதனை முடிவு கைக்கு வரட்டும். நோட்டில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வேறொருவரின் நோயோ கடனோ அதில் வருமானால், மேடை ஏறுமுன் அவரிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள்.