தூக்க மாத்திரையில் நடக்கும் தவறுகள்: சட்டென்று நிறுத்தாதீர்கள்

மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால், தூக்க மாத்திரையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் அதே பழைய தவறுகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். இந்த மருந்துகளை ஒதுக்கவும் சொல்லவில்லை. வலிப்பை அடக்க, ஆபரேஷனுக்கு முன் பதற்றத்தைத் தணிக்க, தூக்கமின்றித் தவிப்பவருக்குச் சில நாள் கைகொடுக்க இவை வேண்டும்.

ஒரே நாளில் நிறுத்துவது

பெரியவர் ஒருவர் பதற்றத்துக்காக அல்பிரசோலம் 1 மி.கி. காலையும் இரவும் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தார். ஊரிலிருந்து வந்த மகன், "பழக்கமாயிடும்ப்பா, மனசு வெச்சா விட்டுடலாம்" என்று அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார். அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் கை நடுக்கம், வியர்வை. அப்புறம் வலிப்பு, ஆம்புலன்ஸ்.

இந்த 'மனசு வெச்சா' பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்குவது காபா என்ற வேதிப்பொருள். மாத்திரை அதற்குப் பலம் சேர்க்கிறது. வாரக்கணக்கில் போட்டால், அந்தப் பலம் எப்போதும் இருக்கும் என்று மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. சட்டென்று நிறுத்தினால் பரபரப்பை அடக்க ஆளில்லை. இதில் மன உறுதிக்கு என்ன வேலை? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல், அல்பிரசோலம் அடங்கிய பென்சோடயஸெபைன் வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது.

நிறுத்த முடியும், ஆனால் மருத்துவர் துணையோடு. சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நெடுநாள் போட்டவருக்கு மாதக்கணக்கில் ஆகும். அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும் என்பதால், நாள்கணக்கில் தங்கும் டயஸெபாமுக்குச் சிலரை மாற்றுவதும் உண்டு.

மதுவோடு போடுவது

மூச்சு நின்றுபோகலாம். ட்ரமடால் போன்ற வலி மருந்தோடும் அப்படித்தான்.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் போட்டுவிட்டு நடமாடுவது

போட்டதும் படுத்துவிடுங்கள். முழு விழிப்பில்லாமலேயே எழுந்து நடந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் உண்டு.

பாட்டிக்குப் பேரனின் மாத்திரை

வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது மாத்திரை மயக்கத்தில் தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்

நடுக்கம், குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாக என்று போட்டார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். காலி அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.