ஊட்டியில் தங்கிக்கொண்டு கோல்ஃப் மைதானம் தேடுவது எப்படி?

ஊட்டியில் அறை போட்டாகிவிட்டது, வண்டியும் கையில் இருக்கிறது, ஒரு நாள் கோல்ஃப் ஆடிப் பார்க்கலாம் என்று ஆசை. பக்கத்தில் எத்தனை மைதானங்கள் இருக்கின்றன, எது நமக்குச் சரிப்படும் என்று கண்டுபிடிக்கும் வழி இது. ஊட்டியை வைத்துச் சொல்கிறேன். கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போகிறவர்களும் இதே வரிசையில் தேடலாம்.

படி 1: நேரத்தை வைத்து எல்லை போடுங்கள்

முதலில் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். முழு ஆட்டம் என்றால் 18 ஹோல், அதாவது பந்தை வரிசையாக 18 குழிகளில் விழவைக்க வேண்டும்; அதற்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊட்டியில் மத்தியானத்துக்கு மேல் மழையோ பனிமூட்டமோ எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். அப்படிப் பார்த்தால் ஒரு பக்கப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. என் கணக்கு இது. விடியற்காலையில் எழுந்து ஓட்டுவதில் சலிப்பில்லாதவர்கள் இரண்டு மணி வரை நீட்டிக்கொள்ளலாம்.

வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுப் பார்ப்பது மலையில் உதவாது. கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய நல்ல 18 ஹோல் மைதானம் இருக்கிறது. நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டருக்குள்தான். சாலையிலோ மலை இறங்கி, சமவெளியைக் கடந்து, மறுபடி மலை ஏற வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல். அதைத் தனிச் சுற்றுலாவாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மேப்ஸில் ஊர் ஊராகத் தேடுங்கள்

கூகுள் மேப்ஸில் ஊட்டியை மையமாக வைத்து ஒரே ஒரு முறை ‘கோல்ஃப்’ என்று தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். திரையில் தெரியும் பரப்பைப் பொறுத்துத்தான் முடிவுகள் வரும். ஊட்டி, குன்னூர், கோவை, மைசூரு என்று ஒவ்வோர் ஊரையும் பெரிதாக்கி, தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை தேடுங்கள்.

வரும் முடிவுகளில் பாதி குப்பை. பெயரில் கோல்ஃப் வைத்திருக்கும் விடுதிகள், மினி கோல்ஃப், வலை கட்டிப் பந்தடிக்கும் பயிற்சி இடம் எல்லாம் கலந்து வரும். செயற்கைக்கோள் படத்துக்கு மாறினால் உண்மை தெரியும். நிஜ மைதானம் என்றால் நீளநீளமான புல் பட்டைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் வட்டமான சின்னப் பரப்பு. பல இடங்களில் அதன் ஓரத்தில் வெளிறிய மணல் குழிகளும் தெரியும். நீலகிரியில் தேயிலைத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும்; ஆனால் அதில் செடி வரிசைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் ஓடும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. குன்னூர் பக்கம் இருக்கும் வெல்லிங்டனைத் தேட ‘வெல்லிங்டன் கோல்ஃப்’ என்று மொட்டையாகத் தட்டினால் நியூசிலாந்துக்குப் போய்விடுவீர்கள். ‘ஜிம்கானா கோல்ஃப்’ என்றால் சென்னை கிண்டி வந்து நிற்கலாம். ஊட்டி கிளப் வேறு, ஊட்டி ஜிம்கானா கிளப் வேறு. முன்னது ஸ்நூக்கர் வரலாற்றில் பேர் போனது. கோல்ஃப் மைதானம் இருப்பது பின்னதில்.

படி 3: பட்டியலைச் சலித்தெடுங்கள்

ஊட்டியைச் சுற்றித் தேடினால் கையில் நிற்பவை நான்கு.

ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 ஹோல் மைதானம் ஊரை ஒட்டியே இருக்கிறது. புல்வெளிக் குன்றுகள் மேல் ஏறி இறங்கிப் போகும். நடக்கவே மூச்சு வாங்கும், முதல் நாளே போகாதீர்கள். உயரத்தில் காற்றடர்த்தி குறைவு என்பதால் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். சமவெளியில் பழகியவர்கள் வழக்கமாக எடுப்பதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் அடுத்த ஸ்டிக்கை எடுக்கலாம்.

அடுத்தது குன்னூருக்குச் சற்று முன்னால், வெல்லிங்டன் ஜிம்கானா. ஊட்டியிலிருந்து 17 கிலோமீட்டர் அளவுதான், நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். ஆனால் அது ராணுவக் குடியிருப்புப் பகுதி. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் அங்கேதான். மேப்ஸ் வழி காட்டும், வாயில் திறக்குமா என்பது வேறு விஷயம். முன்கூட்டியே பேசிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

மூன்றாவது கோவைக்குத் தெற்கே, கார் பந்தயத் தடம் இருக்கிற அதே செட்டிபாளையம். 18 ஹோல். ஊட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். நான்காவது மைசூருவில், சாமுண்டி மலை அடிவாரத்தில், ரேஸ் கோர்ஸை ஒட்டியது. கூடலூர் வழியாக நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைசி இரண்டுக்கும் ஊட்டியிலிருந்து போய்த் திரும்புவது வீண் அலைச்சல். வரும் நாளிலோ கிளம்பும் நாளிலோ வழியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை வழியாக வருபவர் செட்டிபாளையத்தில் ஆடிவிட்டு மலையேறலாம். பெங்களூருக்குத் திரும்புகிறவருக்கு மைசூரு வழியிலேயே இருக்கிறது.

படி 4: போன் செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் வாசலில் நின்று திரும்புகிறார்கள். நம் ஊரில் கோல்ஃப் மைதானம் பெரும்பாலும் உறுப்பினர் கிளப். வெளியாளை விடுவார்களா, உறுப்பினர் யாராவது அழைத்து வர வேண்டுமா, நீங்கள் வேறொரு கிளப்பில் உறுப்பினர் என்றால் அந்த அட்டை செல்லுமா என்று கேளுங்கள். அப்புறம் கிரீன் ஃபீ, அதாவது மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம், எவ்வளவு. வார நாளுக்கும் ஞாயிறுக்கும் வித்தியாசம் இருக்கும். ஸ்டிக் செட் வாடகைக்குக் கிடைக்குமா, கேடி (ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் உதவியாள்) கட்டாயமா, அன்று போட்டி எதுவும் நடக்கிறதா என்பதையும் விடாதீர்கள். புதிதாக ஆடுகிறவர் ‘ஒன்பது ஹோல் மட்டும் ஆடலாமா’ என்று கூச்சப்படாமல் கேட்கலாம். உடை விஷயத்தில் காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட் என்றால் எங்கும் பிரச்சினை வராது.

படி 5: சாலையைச் சரிபாருங்கள்

மேப்ஸில் வழி கேட்கும்போது புறப்படும் நேரத்தை, நீங்கள் கிளம்பப்போகும் நாளுக்கும் மணிக்கும் மாற்றிப் பாருங்கள். மே மாதச் சனிக்கிழமைக்கு அது காட்டும் நேரத்தோடு இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை சீசனில் மேட்டுப்பாளையம் சாலைகளை ஒருவழியாக்கி, குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். குன்னூர் பக்கம் போகிற திட்டமிருந்தால் முந்தின நாள் விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

2024 மே முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். செட்டிபாளையத்துக்கு இறங்கி மீண்டும் ஏறும் எண்ணமிருந்தால் அதையும் கவனியுங்கள். மைசூரு பக்கம் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மேப்ஸ் கல்லட்டி வழியைக் குறுக்கு வழியாகக் காட்டலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, கூடலூர் வழியே போங்கள்.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜூலையில் தென்மேற்குப் பருவமழை ஊட்டியை நனைக்கும்போது குன்னூர் பக்கம் ஓரளவு வெறித்திருக்கும். நவம்பரில் இது தலைகீழ். அதைப் பார்த்து, ஊட்டி ஜிம்கானாவா வெல்லிங்டனா என்று அன்று காலையில் முடிவு செய்யும்படி இரண்டு இடத்திலும் பேசி வையுங்கள்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள்.