மேற்கைத் தோல் அறுவை: கத்திக்கு முன்னும் பின்னும்

கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தொங்கும் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கொழுப்போடு கெட்டியாக அகப்பட்டால், தோலும் இறுக்கமாக இருந்தால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனே போதலாம். காலிப் பை போல வெறும் தோல் வந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எத்தனை டம்பெல் தூக்கினாலும் அது சுருங்காது. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். இரைப்பை அறுவைக்குப் பிறகு இளைத்தவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்கலாம்.

தோல் போகும், தழும்பு வரும். அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும் அந்தக் கோடு, உட்புறம் இருந்தால் கையைத் தொங்கவிடும்போது மறையும். பின்புறம் இருந்தால் பின்னால் நிற்பவர் கண்ணில் படும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை இரண்டையும் மூடிவிடும். அக்குளுக்குள் மட்டும் வெட்டுவது கொஞ்சமே தளர்ந்தவர்களுக்குத்தான்.

நம் நிறத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கூடுதல். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பைத் தடவிப் பாருங்கள். மேடாக, பளபளப்பாக, ஊசி பட்ட இடத்தைத் தாண்டிப் பரவியிருந்தால் அது கெலாய்டாக இருக்கலாம். காது, மூக்குக் குத்திய இடத்தில் உருண்டை கிளம்பியிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கோலாலம்பூரோ பினாங்கோ, மருத்துவர் பெயர் மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். பொது மருத்துவர்கள் அழகியல் சிகிச்சைக்காகப் பெறும் எல்.சி.பி. சான்று இந்த அறுவைக்கானதல்ல. சொல்லும் விலையில் மயக்க மருத்துவர், அறுவை அறை, இறுக்கக் கையுறை (மேற்கையை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை), மறு தையல் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்வதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகக் கொடுக்காது.

சிகரெட் முன்னும் பின்னும் நான்கு வாரம் கூடாது. மீன் எண்ணெய், பூண்டு, ஜின்செங் மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் எச்.பி.ஏ.1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறியுங்கள். இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும்.

அறுவை அன்று வளையல், மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும், கை வீங்கும். தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். பிறகு முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம். நீர் வடியக் குழாய் வைத்தால், வடிவது நாளைக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழ் குறைந்ததும் எடுப்பார்கள்.

முதல் வாரம் மல்லாந்து, கைக்கடியில் தலையணை வைத்துத் தூங்குங்கள். தலை வாரவும் ஜடை பின்னவும் ஆள் வேண்டும். இறுக்கக் கையுறை நான்கு முதல் ஆறு வாரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்குரு வரும், மாற்றிப் போட இரண்டு ஜோடி வாங்குங்கள். 5 கிலோ அரிசிப் பையை ஆறு வாரத்துக்குத் தொடாதீர்கள்.

தையல் பிரிவது பெரும்பாலும் அக்குளில்தான், அதுவும் இரண்டு மூன்று வாரத்தில் 'சரியாகிவிட்டது' என்று கையைத் தூக்கும்போது. எல்.ஆர்.டி. ரயிலில் நின்று பிடி வளையத்தில் தொங்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் விழாவுக்கு மூன்று மாதமாவது முன்பே முடித்துக்கொள்ளுங்கள்: குடத்தைத் தலையில் பிடித்தபடி பத்துமலையின் 272 படி ஏறுவது இளம் தழும்பை நேராக இழுக்கும்.

முழங்கைப் பக்கம் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் நீர் கட்டியிருக்கிறது. ஊசியால் எடுப்பார்கள், நீங்கள் அமுக்க வேண்டாம். முன்கையின் உட்புறம் மரத்துப்போகலாம், அங்கே ஓடும் தோல் நரம்பு சீண்டப்படுவதால். உணர்ச்சி திரும்பும்வரை தோசைக்கல் அருகே கவனம், சூடு தெரியாது. காய்ச்சல், சீழ், ஒரு கை மட்டும் திடீரென வீங்குதல் என்றால் அன்றே மருத்துவமனை. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 999.

புண் முழுதாக மூடியதும் சிலிக்கான் பட்டை, நாளைக்கு 12 மணி நேரமாவது, மூன்று மாதம். வியர்வையில் வழுக்கினால் சிலிக்கான் ஜெல். மஞ்சள் பற்று வேண்டாம். தடித்தால் ஸ்டீராய்டு ஊசி உண்டு, சீக்கிரம் போனால் நன்றாகக் கேட்கும். சிவப்பும் கருமையும் வெளுக்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும்.