தேயிலைப் புத்தகம் எந்த இறாக்கையில் இருக்கும்? அழைப்பு எண் பார்த்துத் தேடும் முறை

தேயிலை பற்றி ஒப்படை எழுத வேண்டும், நூலகத்தில் எங்கே தேடுவது என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இது. நம் பக்கத்துப் பொது நூலகங்களில் பெரும்பாலும் டூயி தசாம்சப் பகுப்புதான் (ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறை), அதனால் ஒரு இடத்தில் பழகினால் போதும்.

நூலகப் பட்டியலில் புத்தகத்தின் பெயரைத் தேடி, அழைப்பு எண்ணை (புத்தகத்தின் முதுகு லேபிளில் இருக்கும் எண்ணும் எழுத்தும்) முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதும் கீழே உள்ள எழுத்துகளும் சேர்த்து. போனில் படம் எடுக்கலாம்தான். ஆனால் துண்டுக் கடதாசியும் பென்சிலும்போல வராது. இறாக்கைக்கு முன்னால் நின்று ஸ்கிரீனைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

முதல் மூன்று இலக்கத்தை வைத்து இறாக்கையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓரத்திலேயே எழுதியிருக்கும்.

சிக்கல் புள்ளிக்கு அப்புறம்தான். 633.72 தேயிலைச் செய்கை. 633.8 அதற்கு முன்னாலா, பின்னாலா? எட்டைவிட எழுபத்திரண்டு பெரிது என்று நினைத்தால் தப்பான பக்கம் போய்விடுவீர்கள். 'எழுபத்திரண்டு' என்று வாசிக்காதீர்கள். 'ஏழு, இரண்டு' என்று ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஏழுக்குப் பிறகுதானே எட்டு? அதனால் வரிசை இப்படி வரும்: 633.7, 633.72, 633.73 (இது கோப்பி), பிறகு 633.8.

இரண்டு புத்தகங்களுக்கு ஒரே எண் இருந்தால் எழுத்தைப் பாருங்கள். பொதுவாக ஆசிரியர் பெயரின் தொடக்க எழுத்துகள்தான் இருக்கும். தமிழ்ப் பெயரில் முன்னெழுத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பிடியுங்கள்.

இன்னொன்று, தேயிலை எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. மலையில் நடப்பது 633.72. ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், கொழுந்து வாடி, அரைபட்டு, தூளாகும் கதை 663.94. 633, 663 இரண்டும் கண்ணை ஏமாற்றும், கவனம். தொழிலாளர் சம்பளம், வேலைநிலைமை 331 பக்கம். இலங்கை வரலாறு 954.93.

பின்சேர்க்கை: 'எண் சரி, இடமும் சரி, புத்தகத்தைக் காணோம்' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எண்ணுக்கு முன்னால் தனி எழுத்து ஏதாவது இருக்கிறதா பாருங்கள். உசாத்துணைப் பகுதிப் புத்தகமாக இருக்கலாம், அதை இரவல் தரமாட்டார்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் குவிந்திருக்கும் மேசையைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு முதுகு லேபிள் கழன்று விழுவதும் உண்டு. அப்படியான புத்தகத்தில் தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால், பின்புறம் பெரும்பாலும் பென்சிலால் எண் எழுதியிருக்கும். லேபிள் இல்லாததைக் கண்டால் நீங்களே இறாக்கையில் செருகாமல் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.