ஏற்காட்டில் குடும்பப் படம்: போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது எப்படி?

"எல்லாரும் இங்க பாருங்க" என்று சொன்னதுமே தாத்தா விறைத்துக்கொள்வார், அம்மா முந்தானையைச் சரிசெய்வார், குழந்தை பல்லைக் காட்டும். இயல்பான படம் வேண்டுமென்றால் அந்தப் பேச்சே எழக்கூடாது. அதற்கு, கேமராவில் செய்ய வேண்டியதை எல்லாம் குடும்பம் வந்து கூடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

1. நேரம், இடம்

காலை 7 முதல் 9 வரை, இல்லையென்றால் மாலை 4.30க்கு மேல். உச்சி வெயிலில் கண்குழிகளில் கறுப்பாக நிழல் விழும். பனிமூட்டம் இறங்கிய நாளில் மட்டும் மதியத்திலும் தாராளமாக எடுக்கலாம். முகத்தில் வெளிச்சம் மென்மையாகப் பரவும். லேடீஸ் சீட் காட்சிமுனையில் விடுமுறை நாள் மாலையில் கூட்டம் நெரியும். காலையில் பகோடா பாயிண்ட் காட்சிமுனை நல்லது.

பலரும் விரும்பிப் போவது காபித் தோட்டத்துக்குத்தான் (தனியார் இடம், கேட்டுவிட்டு நுழையுங்கள்). படம் அதிகம் கெடுவதும் அங்கேதான். காபிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மர இலைகளின் இடுக்கில் வரும் வெயில் கன்னத்தில் வெள்ளைத் திட்டாக விழும், நெற்றி இருட்டாக இருக்கும். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்தாலும் இது சரியாகாது. நிழல் முழுசாக விழும் பாதை ஓரமாகப் பார்த்து, முகங்கள் வெட்டவெளியை நோக்கி இருக்கும்படி அவர்களை உட்கார வையுங்கள். அப்போதும் இலைப்பச்சை தோலில் லேசாக ஏறும். அதை எடிட்டிங்கில் டின்ட்டை (நிறச்சாயலை) மெஜந்தா பக்கம் சற்று நகர்த்திச் சரிசெய்யலாம்.

2. கேமரா

நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஓடும் பிள்ளைகளுக்கு 1/500. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறன்) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 3200 வையுங்கள். ஃபோகஸ், நகர்பவரை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும்.

புதியவர்கள் சறுக்குவது அப்பர்ச்சரில் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது). பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 1.8 வைக்கிறார்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் (படம் பதியும் சென்சார் சற்றுச் சிறியது) 50 மிமீ லென்ஸோடு 3 மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். பேத்தி தெளிவாக இருப்பாள், பின்னால் இருக்கும் பாட்டி மங்கிவிடுவார். எஃப் 4 வைத்தால் அரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். இரண்டு வரிசையாக இருந்தால் எஃப் 5.6.

பனியில் கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள். லென்ஸில் நீர்த்துளி படியும், மைக்ரோஃபைபர் துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

போனில் எடுப்பவர்கள் 2எக்ஸ் லென்ஸில் வைத்துப் பின்னால் நகருங்கள். 1எக்ஸில் கிட்டப் போனால் மூக்கு பெரிதாகும். போர்ட்ரெய்ட் மோடு பறக்கும் முடியையும் பூச்சரத்தின் ஓரத்தையும் தின்றுவிடும், கூட்டமாக இருக்கும்போது வேண்டாம்.

3. கைக்கு வேலை

கை சும்மா இருந்தால் முகமும் இறுகும். பேத்திக்குத் தலை பின்னிவிடச் சொல்லுங்கள், ஆரஞ்சு உரிக்கச் சொல்லுங்கள். பாட்டி சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்று கால் பிரிக்கும்போது, அவருக்குக் கேமரா ஞாபகமே இருக்காது. உங்கள் கண் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்கட்டும். மண்டி போடத் தயங்காதீர்கள்.

நடக்கும் படத்துக்கு, பிள்ளையை நடுவில் விட்டு 15 அடி தூரத்திலிருந்து உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள். "சித்தப்பா சின்ன வயசுல என்ன சேட்டை பண்ணாரு?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டால் போதும், மற்றதைக் குடும்பமே பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து அழுத்துங்கள். சிரிப்பு அடங்கியதும் கேமராவைக் கீழே இறக்கிவிடாதீர்கள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பது அதற்கடுத்த சில நொடிகளில்தான், எனக்குப் பிடித்த படங்கள் பெரும்பாலும் அப்போது விழுந்தவை.

நடுவில் திரையைக் காட்டாதீர்கள். பார்த்தவுடன் "என் வயிறு தெரியுது" என்று யாராவது சொல்வார்கள், அத்தோடு எல்லாரும் மறுபடி விறைத்துவிடுவார்கள்.

4. தேர்வு

கண் மூடியதையும் ஃபோகஸ் தவறியதையும் நீக்குங்கள். கண் தெளிவாக இருந்து, ஆட்டிய கை மட்டும் கலங்கியிருந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.